தனியாகச் சென்றவர் எவர்?

மோட்டார் சைக்கிளில் தன்னந்தனியே இமயமலைக்குச் சென்று திரும்புவதை இன்று பெரும் வீரச் செயலாகப் போற்றுகிறோம். நம் நகரங்களில் பணிபுரியும் இளைஞர் பலருக்கு இஃது ஓர் இலட்சியமாகவே ஆகிவிட்டது. 1955-இல் சென்னைத் திருவொற்றியூரில் காலூன்றிய என்ஃபீல்டு நிறுவனம், 2016-இல் தன் புதிய வண்டிக்கு 'ஹிமாலயன்' என்றே பெயர் சூட்டியது. இளைஞரின் துணிவை நாம் பழிக்கவில்லை. குளிரையும் களைப்பையும் தாங்கிப் புதிய ஊர்களைக் காணப் புறப்படுவது நல்லதே. ஆயினும் 'நான் தனியாகச் சென்று வந்தேன்' என்னும் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. அது உண்மையன்று. பிறருடைய உழைப்பை மறைப்பதால் அநீதியும் ஆகும்.

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். மணாலியிலிருந்து செல்பவர் 4,500 மீட்டருக்கும் உயரமான குன்சும் கணவாயைக் கடந்தே அங்கு போய்ச் சேர வேண்டும். குளிர்காலம் முழுவதும் பனி மூடிக்கிடக்கும் அந்தப் பாதையை ஆண்டுதோறும் எவரோ வெட்டித் திறக்கின்றனர். சரிந்து விழும் பாறைகளை எவரோ அகற்றுகின்றனர். இமயத்தின் எல்லைப்புறச் சாலைகளில் இவ்வாறு உழைப்போருள் பலர் ஜார்க்கண்டின் ஏழைச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். 2020 மே மாதம், ஊரடங்கில் லடாக்கில் சிக்கித் தவித்த ஜார்க்கண்ட் தொழிலாளர் 60 பேர் விமானத்தில் ஊருக்கு அழைத்து வரப்பட்டபோதுதான் இப்படிப்பட்டவர்கள் அங்கு இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியவந்தது. சாலையைப் படமெடுப்பவர் பலர். சாலையோரத்தில் கல்லுடைப்பவரிடம் ஊர் எது என்று கேட்பவர் எத்தனை பேர்?

கிப்பருக்கும் சிச்சமுக்கும் இடையில் ஆழமான மலைப்பிளவு ஒன்று உண்டு. 2017-இல் பாலம் திறக்கப்படும்வரை சிச்சம் மக்கள் கம்பிவடத்தில் தொங்கிய சிறு தொட்டியில் அமர்ந்தே அதைக் கடந்தனர். அவர்களுக்கு அந்தப் பாலம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வழி. நம் பயணிக்கோ அது 'மிக உயரமான பாலம்' என்று சொல்லிப் படமெடுக்கும் இடம். 1983 முதல் இயங்கிவரும் ஹிக்கிம் அஞ்சலகமும் அவ்வாறே. அஞ்சலட்டையில் முத்திரை பதித்துக்கொண்டு திரும்புகிறோம். கடும்பனியில் தபாற்பையைச் சுமந்து நடப்பவரை நினைப்பதில்லை.

'தங்குவதற்குப் பணம் கொடுக்கிறோமே, அவர்களுக்கும் வருமானந்தானே?' என்று கேட்கலாம். வருமானந்தான், மறுக்கவில்லை. ஆனால் பணத்தால் ஈடுசெய்ய இயலாதது ஒன்றுண்டு. ஸ்பிதி மழை அரிதான குளிர்ப் பாலை. பனி உருகி வாய்க்காலில் வரும் நீரைக்கொண்டே அங்குள்ளோர் பார்லியும் பச்சைப் பட்டாணியும் விளைவிக்கின்றனர். ஆண்டுக்கு ஒரே போகம். அதனாலேயே அவர்களுடைய வீடுகளில் நீர் வேண்டாத உலர் கழிப்பறைகள் அமைந்தன. அங்குச் சேரும் கழிவு மண்ணோடு கலந்து வயலுக்கு எருவாகிறது. விருந்தினராகப் போகும் நாமோ தண்ணீர்க் கழிப்பறையும் வெந்நீர்க் குளியலும் கேட்கிறோம். நம் ஓரிரவு வசதிக்காகச் செலவாகும் நீர், ஒரு குடும்பத்தின் வயலுக்குப் பாய வேண்டிய நீர். போதாக்குறைக்குப் பிளாஸ்டிக் புட்டிகளையும் அங்கேயே விட்டு வருகிறோம்.

'தனிமை மனத்தைப் பற்றியது; உழைப்பாளரை நாங்கள் மறுக்கவில்லை' என்பாரும் உளர். அப்படியாயின், திரும்பி வந்து சொல்லும் கதைகளில் அவர்கள் ஏன் இடம்பெறுவதில்லை? கணவாயின் உயரமும் கடந்த கிலோமீட்டரும் எண்பிசகாமல் நினைவிலிருக்க, சோறிட்டவரின் பெயர் மட்டும் மறந்துபோவது எங்ஙனம்? பஞ்சர் ஒட்டியவரும், காசாவின் பங்கிற்குப் பெட்ரோல் ஏற்றிவந்த லாரி ஓட்டுநரும், தேநீர் தந்து அடுப்பருகே அமர்த்தியவரும் இல்லையேல், அந்த வண்டி ஒரு நாள்கூட ஓடியிராது.

எனவே, போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விருந்தினராகப் போங்கள், அவ்வூரார் உண்பதை உண்டு, அவர்கள் நீரைப் புழங்கும் அளவிலேயே நீங்களும் புழங்கி, கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பெற்றோரும் ஆசிரியரும், பயணம் முடிந்து வரும் பிள்ளையிடம் 'எவ்வளவு உயரம் ஏறினாய்?' என்று கேட்பதற்கு முன், 'யார் வீட்டில் தங்கினாய்? அவர்கள் எப்படி வாழ்கிறார்கள்?' என்று கேட்கட்டும். அதற்கு விடை சொல்ல இயலாதவர், அம்மலைக் கிராமங்களின் வழியே போனவரே தவிர, அவற்றைக் கண்டவர் அல்லர்.