புல்தரைக்குக் கீழே என்ன இருக்கிறது?

வீடு கட்டி முடித்த கையோடு, வாசலில் 200 சதுர அடிக்கு லான் போட்டோம். நர்சரி ஆட்கள் கொரியன் புல்லைப் பாய் பாயாக விரித்து, அரை நாளில் பச்சைக் கம்பளமாக்கிவிட்டுப் போனார்கள். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார்கள். மூன்றாம் மாதம் திட்டுத் திட்டாக மஞ்சள். தண்ணீர் போதவில்லையோ என்று காலை, மாலை இரண்டு வேளையும் ஊற்றினேன். மஞ்சள் இன்னும் பரவியது. கூடவே கோரையும் தலை நீட்டியது.

பக்கத்துத் தெருவில் தோட்ட வேலை செய்யும் பெரியவர் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை, கடப்பாரையை இறக்கினார். நாலு விரல் ஆழத்தில் 'டங்' என்றது. செங்கல் துண்டு, ஜல்லி, இறுகிய சிமென்ட்! "மண்ணே இல்லாம புல்லு எதைம்மா புடிச்சு வளரும்?" என்றார்.

கொடுத்த பணம் போனது போனதுதான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஓர் அடி ஆழத்துக்குக் கொத்திக் கல்லையெல்லாம் பொறுக்கி, செம்மண்ணும் நன்றாக மக்கிய தொழுவுரமும் கலந்தோம். (மக்காத சாணம் வேண்டவே வேண்டாம். களை விதையும் கரையானும் சேர்ந்தே வரும்.) மழைநீர் சுவரோரம் தேங்காதபடி வெளிப்பக்கமாக லேசான சரிவு.

அடுத்ததுதான் எல்லோரும் தாண்டிப்போகிற வேலை. எதையும் நடாமல், மண்ணை நனைத்துவிட்டு மூன்று வாரம் சும்மா காத்திருக்க வேண்டும். உள்ளே ஒளிந்திருக்கும் கோரை முளைத்து வரும். கையால் இழுத்தால் தழை மட்டும்தான் வரும். கிழங்கு உள்ளேயே இருந்து மறுபடி துளிர்க்கும். களைக்கொத்தால் கிழங்கோடு தோண்டி எடுங்கள். புல் நட்டபிறகு இந்த வேலையைச் செய்யவே முடியாது.

இந்த முறை பாய் வாங்கவில்லை. அருகம்புல் துண்டுகளை நாலு விரல் இடைவெளியில் நட்டோம். கொரியன் புல் பார்க்க மெத்தைதான், ஆனால் மெதுவாகத்தான் பரவும். அருகு வேகமாகப் பரவும், வறட்சி தாங்கும், கொஞ்சம் உப்புத் தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும். நிழல் மட்டும் ஆகாது; தினமும் ஆறு மணி நேரமாவது நல்ல வெயில் வேண்டும்.

புல் வேர் பிடித்தபிறகு தினமும் தெளிக்காதீர்கள். மேலே மட்டும் ஈரமிருந்தால் வேர் கீழே இறங்காது. வாரம் இரண்டு, மூன்று முறை, அதிகாலையில், ஆழமாக நனையட்டும். ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள். அரை அடிக்குச் சுலபமாக இறங்கினால் போதும். 200 சதுர அடியில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க சுமார் 470 லிட்டர் வேண்டும். மே மாதம் லாரித் தண்ணீர் வாங்கும் வீடென்றால் 50 சதுர அடியோடு ஆசையை நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து. கோடையில் அருகு பழுப்பேறினாலும் பதற வேண்டாம். வேரில் உயிர் இருந்தால் மழைக்குத் துளிர்த்துவிடும்.

வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். ஒட்ட வெட்டினால் களைக்கு வெயில் கிடைத்துவிடும்.

எங்கள் மாமரத்தடியில் மட்டும் இரண்டு முறை நட்டும் புல் வரவில்லை. மூன்றாவது முறை நடவில்லை, கல் பலகை போட்டாயிற்று. சாயங்காலமானால் வீட்டில் எல்லோரும் உட்காருவது அங்கேதான்.