அப்டேட் போட்டதும் வைஃபை காணாமப் போச்சா? கார்டை மாத்தாதீங்க!

"அக்கா, லேப்டாப்புல வைஃபையே காட்ட மாட்டேங்குது. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஆன்லைன் டெஸ்ட் இருக்கு!"

திருச்சியில் இன்ஜினீயரிங் கடைசி வருடம் படிக்கும் சித்தி பையன் போனில் பதறியபோது இரவு ஒன்பது மணி. வேலைக்கான முதல் சுற்றுத் தேர்வு. செல்போனில் எழுத முடியாது, லேப்டாப்தான் வேண்டும். போன் ஹாட்ஸ்பாட்டும் பிடிக்கவில்லை. பிடிக்காதுதான், ஹாட்ஸ்பாட்டுக்கும் அதே வைஃபைதானே வேண்டும்?

சாயங்காலமே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். "வைஃபை கார்டு போச்சு தம்பி. மாத்த ரெண்டாயிரம் ஆகும், ரெண்டு நாள் கழிச்சு வா" என்று பதில். நண்பன் சொன்ன யோசனை இன்னும் ஆபத்து: "ஃபார்மட் அடிச்சிடு". ஃபைனல் இயர் புராஜெக்ட் முழுக்க அந்த லேப்டாப்பில்தான் இருக்கிறது. பேக்கப்பும் கிடையாது.

"காலையில வைஃபை வேலை செஞ்சுதாடா?"

"செஞ்சுதுக்கா. மதியம் அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் பண்ணேன். அதுக்கப்புறம்தான்..."

அங்கேதான் விஷயம் இருந்தது. அவன் லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் எழுதத் தொடங்கியது. அதன் மையப் பகுதிக்கு கர்னல் என்று பெயர். வைஃபை, சவுண்டு, கேமரா என எல்லா ஹார்டுவேரையும் மேய்ப்பது அதுதான். ஒவ்வொரு கருவியோடும் பேச கர்னலுக்கு 'டிரைவர்' என்ற சின்ன புரோகிராம் தேவை.

பெரும்பாலான டிரைவர்கள் கர்னலோடு சேர்ந்தே வரும். கர்னல் மாறினால் அவையும் சேர்ந்து மாறிவிடும். ஆனால், சில வைஃபை சிப்களுக்கு டிரைவரைத் தனியாகத்தான் போட வேண்டும். அது பழைய கர்னலின் அளவுக்குத் தைத்த சட்டை. புது கர்னல் வந்தால் புதிதாகத் தைக்க வேண்டும். இதைத் தானாகச் செய்ய டி.கே.எம்.எஸ். என்ற வசதி இருக்கிறது. ஆனால், புது கர்னலுக்கான 'ஹெடர்ஸ்' என்ற ஃபைல்கள் இல்லையென்றால் அதனால் தைக்க முடியாது. செக்யூர் பூட் ஆன் செய்திருந்தால், முறையான கையொப்பம் இல்லாத டிரைவரை கர்னலே உள்ளே விடாது. இரண்டிலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: வைஃபை மாயம்!

நல்லவேளையாக, உபுண்டு போன்ற லினக்ஸ்களில் புது கர்னல் வந்ததும் பழையது அழிந்துவிடாது.

"ரீஸ்டார்ட் பண்ணு. ஆன் ஆகும்போது எஸ்கேப் கீயைத் தட்டு. பழைய மாடல்னா ஷிஃப்ட்டை அழுத்திப் பிடி. 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'னு வரும். அதுல நம்பர் குறைவா இருக்குற கர்னலைத் தேர்ந்தெடு."

இரண்டு நிமிட மௌனம். அப்புறம், "அக்கா, வந்துடுச்சு!" என்று கத்தினான். பழைய கர்னலில் வைஃபை வருகிறதென்றால் கார்டு நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த ரெண்டாயிரம் மிச்சம்.

அதே பழைய கர்னலில் டெஸ்ட் எழுதி முடித்தான். மதியம்தான் புது கர்னலின் பக்கம் போனோம். ஹெடர்ஸ் விடுபட்டிருந்தது. அதைப் போட்டு, டிரைவரை மறுபடி நிறுவியதும் சரியாகிவிட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி நடந்தால், இந்த வரிசையில் பாருங்கள்:

1. முதலில் முழுசாக ஷட் டவுன் செய்து, சிறிது நேரம் கழித்து ஆன் செய்யுங்கள். சில சிப்கள் வெறும் ரீஸ்டார்ட்டில் தெளியாது. கீபோர்டில் ஏரோபிளேன் மோடு தெரியாமல் அழுந்தியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. அவசரமாக நெட் வேண்டுமா? ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து, செட்டிங்ஸில் 'யு.எஸ்.பி. டெதரிங்'கை ஆன் செய்யுங்கள். லேப்டாப்பின் வைஃபை இல்லாமலே நெட் வரும். டிரைவரை இறக்கவும் இதுவே போதும்.

3. லினக்ஸ் என்றால் பழைய கர்னலில் திறந்து பாருங்கள். விண்டோஸ் என்றால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பிராப்பர்ட்டீஸ் போய், டிரைவர் பகுதியில் 'ரோல் பேக் டிரைவர்' இருக்கிறதா எனப் பாருங்கள். அமுக்கினால் பழைய டிரைவர் திரும்பும்.

4. பழைய கர்னலிலும் வரவில்லை, பென்டிரைவில் வேறொரு லினக்ஸை 'லைவ்' ஆக ஓட்டினாலும் வரவில்லை என்றால் கார்டின் மேல் சந்தேகப்படலாம். கடைக்குப் போவது அதற்குப் பிறகுதான்.

"இனிமே அப்டேட்டே போட மாட்டேன்" என்றான் தம்பி. அது தப்பு. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் அப்டேட்டில்தான் வருகின்றன. ஆனால், நேரம் பார்த்துப் போடலாம். மறுநாள் தேர்வோ இன்டர்வியூவோ இருந்தால் தள்ளிப்போடுங்கள். புது கர்னலில் எல்லாம் ஓடுகிறது என்று தெரியும்வரை, இடம் காலியாகட்டும் என்று பழையதை அழிக்காதீர்கள்.

தம்பியிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: "புராஜெக்ட்டை பேக்கப் எடுத்தியா?"

"நாளைக்கு எடுக்கிறேன்க்கா" என்றான். போனை வைக்காமல், அப்போதே பென்டிரைவில் காப்பி போட வைத்த பிறகுதான் தூங்கப் போனேன்.