வீட்டுத் தமிழ்மேல் விழும் பழி

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் கடை வைத்திருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் ஏழு வயதுப் பையன் வகுப்பில் கோர்வையாகப் பேசுவதில்லை. பேச்சு, மொழிப் பரிசோதனைக்கு அழைத்துப் போகச் சொன்னது பள்ளி. சரியான யோசனைதான். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: "அதுவரைக்கும் வீட்டுல தமிழை நிறுத்துங்க. இங்கிலீஷ் மட்டும் பேசுங்க. மூணு பாஷை கேட்டா பிள்ளை குழம்பிப்போகும்."

திருவனந்தபுரத்துத் தமிழ்ப் பெற்றோருக்கு இது பழகிப்போன அறிவுரை. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளை பேசத் தாமதித்தால் முதல் பழி தமிழ்மேல்தான்.

மூன்று மொழி குழப்பும் என்பவர்கள் கிழக்கேகோட்டையிலிருந்து சாலை என்னும் கடைத்தெருவுக்குள் நடந்து பார்க்கட்டும். எழுத்தாளர் ஆ. மாதவன் அங்கேதான் கடை நடத்தினார். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். அந்தக் கடைத்தெருவைத் தமிழ்க் கதைகளாக்கினார். மலையாள நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். எந்த மொழி அவரைக் குழப்பியது? எழுத்தாளரை விடுங்கள். சாலையில் மூட்டை இறக்குபவரும் காய்கறி விற்பவரும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் நொடியில் மாறுகிறார்கள்.

மொழிக் கோளாறு உள்ள பிள்ளையின் கதை வேறு என்பார்கள். அதையும் ஆராய்ந்துவிட்டார்கள். கனடாவில் ஜோஹான் பாரடிஸ் குழுவினர் மொழிக் கோளாறுள்ள, பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசும் ஏழு வயதையொட்டிய பிள்ளைகளை, அதே கோளாறுள்ள ஒருமொழிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு 2003இல் வெளியிட்டார்கள். இலக்கணப் பிழைகளில் இருமொழிப் பிள்ளைகள் பின்தங்கவில்லை. கோளாறு இருந்தால் அது பிள்ளை பேசும் எல்லா மொழியிலும் தெரியும். ஆங்கிலத்தில் மட்டும் திணறி, பாட்டியிடம் தமிழில் சரளமாகக் கதை சொல்லும் பிள்ளைக்குக் கோளாறு இல்லை. ஆங்கிலப் பழக்கம்தான் போதவில்லை. தமிழை நிறுத்தச் சொல்பவர்கள், இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் முக்கிய வழியை அடைக்கிறார்கள்.

தமிழை நிறுத்தினால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் "கம், சிட், ஈட்" அளவில் நின்றுவிடும். பிள்ளையிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பாட்டி வாயை மூடிக்கொள்வார். பேச்சு வராத பிள்ளையைச் சுற்றியிருந்த பேச்சையும் பிடுங்கிவிட்டு அதற்குச் சிகிச்சை என்று பெயர் வைக்கிறார்கள். இது கொடுமை.

பரிசோதனைக்குத் தயாராவது வேறு மாதிரி. முதலில் காது: செவித்திறன் பார்க்காமல் பேச்சை எடைபோட முடியாது. முதல் சொல் எப்போது வந்தது, குடும்பத்தில் வேறு யாருக்காவது தாமதம் இருந்ததா, யார் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதை எழுதி எடுத்துப்போக வேண்டும். பள்ளி நோட்டுகள் வேண்டும். தங்கையோடு விளையாடும்போது பிள்ளை தமிழில் பேசுவதைப் போனில் பதிவு செய்தால், புது இடத்தில் வாயே திறக்காத பிள்ளைக்கும் ஒரு சாட்சி கிடைக்கும். பதில்களை மனப்பாடம் செய்யவைக்கக் கூடாது. 1997இல் தொடங்கிய தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமான 'நிஷ்' ஆக்குளத்தில் இயங்குகிறது. எங்கே போனாலும் தமிழ் தெரிந்த நிபுணரையோ மொழிபெயர்த்துச் சொல்பவரையோ கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

கூச்சம்தான் இங்கே பெரிய நோய். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யச் சொல்கிறது அரசியலமைப்பின் 350அ பிரிவு. அது சேர்ந்தது 1956இல். அந்த உரிமையைக் கேட்க வேண்டிய பெற்றோர் ஆங்கிலப் பள்ளி வாசலில் தலைகுனிந்து நிற்கிறார்கள். மாதவனின் வீட்டிலும் யாராவது தமிழை நிறுத்தச் சொல்லியிருந்தால் சாலைத் தெருவுக்குத் தமிழில் கதையே இருந்திருக்காது.

அந்தப் பையன் பரிசோதனைக்குப் போகட்டும், தாமதிக்காமல் போகட்டும். அதுவரை வீட்டில் எல்லோரும் அவனிடம் தமிழில் நிறையப் பேசட்டும். அந்த அறிவுரையைக் கொடுத்த பள்ளி, அதைத் திரும்பப் பெற்றதாகப் பெற்றோருக்கு எழுதிக் கொடுக்கட்டும்.