லைட் எரியுது... எரியல! மாமாவின் கேம்பர் வேனும் ஒரே ஒரு போல்ட்டும்

வீட்டில் அனலாய்க் கொதித்த குழந்தைக்கு, டாக்டர் ரூமுக்குள் நுழைந்ததும் காய்ச்சல் விட்டுப்போயிருக்குமே... என் மாமாவின் வேனுக்கு அப்படியொரு வியாதி.

திருப்பூரில் இருக்கும் மாமா இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு பழைய வேனை வாங்கினார். முந்தைய ஓனர் உள்ளே கட்டில், சிங்க், தண்ணீர் மோட்டார், ஃபேன், குட்டி ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்து கேம்பர் வேனாக மாற்றியிருந்தார். "லாட்ஜ் வாடகை மிச்சம் கண்ணு" என்பது மாமாவின் கணக்கு. ஆனால், மேடு பள்ளத்தில் போனால் லைட் மங்கும். தண்ணீர் மோட்டாரைப் போட்டால் ஃபேன் திணறும். ஒருநாள் மொத்தமாக அணையும். கதவை ஓங்கிச் சாத்தினால் திரும்ப எரியும். ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தினாலோ கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கும்!

மாமா புது பேட்டரி போட்டார். ஆல்டர்னேட்டரைக் கழற்றி சர்வீஸ் செய்தார். லைட்டுகளையே மாற்றினார். ஒவ்வொரு முறையும் நாலு நாள் நன்றாக இருக்கும், ஐந்தாம் நாள் பழைய கதை. விட்டு விட்டு வரும் கோளாறு நம்மை இப்படித்தான் ஏமாற்றும். எதையாவது கழற்றி மாட்டும்போது வயர்கள் அசையும், விட்டுப்போன தொடுப்பு தற்காலிகமாகச் சேரும். நாமோ புதிதாக வாங்கிப் போட்ட பொருள்தான் சரிசெய்தது என்று நம்பிவிடுவோம்.

கோடை விடுமுறையில் அந்த வேனில் வால்பாறை போனோம். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் உள்ளே லைட் கண்ணடித்தது. குழந்தைகளுக்கு ஒரே குஷி. இரவு ஒரு ஹோம்ஸ்டே வளாகத்துக்குள் வேனை நிறுத்திப் படுத்தோம்.

"ஏனுங்க, ஏதோ பொசுங்கற வாசம் வருது" என்றார் அத்தை.

"பக்கத்துல யாராச்சும் அடுப்பு மூட்டியிருப்பாங்க, தூங்கு."

அத்தை விடவில்லை. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் இருவரையும் எழுப்பி வெளியே இறக்கிவிட்டு, மெத்தையைத் தூக்கினார். கட்டிலின் அடிப்பலகையில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை. தொட்டால் சுட்டது. அதற்கு நேர் மேலேதான் சின்னவன் படுத்திருந்தான்.

மாமா ஒரு வார்த்தை பேசாமல் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். அன்று இரவு எல்லோரும் ஹோம்ஸ்டே ரூமில்தான் தூங்கினோம்.

மறுநாள் பொள்ளாச்சியில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனைப் பிடித்தோம். மாமா கோளாறுகளை வரிசையாக ஒப்பிக்க ஆரம்பித்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "எது போகுதுங்கறது இருக்கட்டுங்ணா. எப்பப் போகுது? வண்டி குலுங்கும்போதா, மழையிலயா, ரெண்டு மூணு ஐட்டம் ஒண்ணா ஓடும்போதா?" இரண்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி அது.

பிறகு மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரியில் 12.6 வோல்ட். ஃப்ரிட்ஜுக்குப் போகும் வயரிலும் அதே 12.6. 'எல்லாம் சரியாகத்தானே இருக்கு' என்று நினைத்தேன். அவர் ஃப்ரிட்ஜ், ஃபேன், லைட் மூன்றையும் போடச் சொன்னார். இப்போது பேட்டரியில் 12.4, ஃப்ரிட்ஜ் முனையில் 9.4! நடுவில் 3 வோல்ட் எங்கே போச்சு?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கரன்ட் ஓடாதபோது, அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருக்கும் தொடுப்பும் முழு வோல்ட்டைக் காட்டும். லோடு ஏறினால்தான் குட்டு உடையும். அவர் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்விலும், இன்னொன்றை ஃப்ரிட்ஜின் எர்த் வயரிலும் வைத்தார். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 2.9 வோல்ட். பாசிட்டிவ் பக்கத்தில் 0.1 மட்டுமே. ஆக, திருடன் எர்த் பாதையில்.

கட்டிலுக்கு அடியில், பாடியில் முடுக்கியிருந்த ஒரு போல்ட். உள்ளே இருக்கும் எல்லாச் சாமான்களுக்கும் அதுதான் எர்த். பெயின்ட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே முடுக்கியிருந்தார்கள். அப்புறம் துருவும் சேர்ந்துவிட்டது.

மொத்த லோடு 8 ஆம்பியர் என்றது கிளாம்ப் மீட்டர். 2.9-ஐ 8-ஆல் பெருக்கினால் சுமார் 23 வாட். அத்தனையும் அந்த ஒரு போல்ட்டில் சூடாக மாறியிருக்கிறது. கடையில் விற்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! அதைத்தான் பிள்ளையின் மெத்தைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறோம்.

ஃபியூஸ் ஏன் போகவில்லை? கரன்ட் அளவுக்கு மீறினால்தான் ஃபியூஸ் போகும். தொடுப்பு சரியில்லாதபோது பெரும்பாலும் கரன்ட் குறையத்தான் செய்யும், கூடாது. அதனால் ஃபியூஸ் இதைக் கண்டுகொள்ளாது.

ஆனால், ஃபியூஸ் பெட்டியைத் திறந்தபோது இன்னொரு அதிர்ச்சி. 15 ஆம்பியர் நீல ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் 30 ஆம்பியர் பச்சை. மாமா தரையைப் பார்த்தார். "அடிக்கடி போய்ட்டே இருந்துச்சு... அதான்..." ஃபியூஸ் காப்பாற்றுவது ஃப்ரிட்ஜை அல்ல, வயரை. 15-க்கான வயரில் 30 போட்டால், ஃபியூஸுக்கு முன்னால் வயர்தான் எரியும். அது அடிக்கடி போனதற்கும் காரணம் கிடைத்தது. தகரத் துளை வழியாக ரப்பர் வளையம் இல்லாமல் போன வயர், குலுங்கிக் குலுங்கித் தோல் உரிந்து, அவ்வப்போது பாடியில் பட்டிருக்கிறது.

வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. உப்புத்தாளால் தகரம் பளபளக்கும்வரை தேய்த்து, புது லக் போட்டு, பல் வாஷரோடு முடுக்கி, மேலே வாசலின் தடவினார். உரிந்த வயரை மாற்றி, துளைக்கு ரப்பர் வளையம் போட்டு, நீல ஃபியூஸை மாட்டினார். மீட்டரில் 2.9 இருந்த இடத்தில் இப்போது 0.1.

உங்கள் வீட்டில் கேம்பர் வேன் இல்லாவிட்டாலும், பழைய ஆம்னியோ காரோ இருந்தால் இதே பரிசோதனைதான். சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில், நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். இன்ஜின் ஓடும்போது பழைய வண்டிகளில் பொதுவாக 13.8 முதல் 14.4. இரண்டும் சரியாக இருந்தால் பேட்டரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் செலவழிக்காமல் தொடுப்புகளைத் தேடுங்கள். ஒருவர் லைட்டைப் பார்க்க, இன்னொருவர் வயர்களை ஒவ்வொன்றாக மெதுவாக அசைக்கலாம். லைட் எங்கே கண்ணடிக்கிறதோ, அங்கே தோண்டுங்கள். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் லேசாக எரிகிறதா? பெரும்பாலும் எர்த்தான்.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள். வேனுக்கு வெளியிலிருந்து 230 வோல்ட் இழுக்கும் வசதி இருந்தால், அந்தப் பக்கம் நீங்கள் கை வைக்க வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பொசுங்கும் வாசம் வந்தால், அத்தை செய்ததுதான் சரி: முதலில் ஆட்களை இறக்குங்கள், அப்புறம் காரணம் தேடலாம்.

மாமா இப்போது டேஷ்போர்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். எது, எப்போது, எங்கே என்று எழுதுகிறார். ரிவர்ஸ் லைட் மூன்று முறை மக்கர் பண்ணியிருக்கிறது. மூன்றுக்கும் எதிரே 'மழை' என்று எழுதியிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை பின்பக்க லேம்ப்பைக் கழற்றப்போகிறாராம். மீட்டரைப் பிடிக்க என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்.