சைக்கிள் கொடுத்தாயிற்று... மலையில் ஓட்டக் கற்றுக் கொடுப்பது யார்?

பிளஸ் ஒன் சேர்ந்த வருடம் பள்ளி மைதானத்தில் வரிசையாக நிற்கும் புத்தம் புது சைக்கிள்களை அரசுப் பள்ளியில் படித்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்காமல் வீட்டுக்கு ஓட்டிப் போயிருப்பார்கள். மூன்று வருடம் கழித்து அந்த சைக்கிள் எங்கே? பல வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே, காற்று இறங்கி, செயின் துருப்பிடித்துக் கிடக்கிறது!

காமர்ஸ் பாடத்தில் இதற்குப் பெயர் தேய்மானம். ஓடித் தேய்வதும் ஓடாமல் துருப்பிடிப்பதும் கணக்குப் புத்தகத்தில் ஒன்றுதான். வாழ்க்கையில் ஒன்றா என்ன?

கள்ளக்குறிச்சியில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். 2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதுவரை கருணாபுரத்தைக் கேள்விப்படாதவர்களுக்கும் அந்தப் பெயர் தெரிந்தது, ஆனால் அந்த ஒரு காரணத்துக்காக மட்டும். பக்கத்தில் இருக்கும் கல்வராயன் மலையும் செய்தியில் வந்தால் சாராய ஊறலோடுதான் வருகிறது. சைக்கிள் ஓட்டினால் சாராயம் ஒழிந்துவிடும் என்று சொல்வது அபத்தம். ஆனால் லீவு நாளில் நாலு பேர் சேர்ந்து, செலவில்லாமல், சந்தோஷமாகச் செய்ய ஒரு விஷயம் வேண்டாமா? அதற்குத் தேவையான மலை பக்கத்திலேயே இருக்கிறது. சைக்கிளும் வீட்டிலேயே இருக்கிறது!

"மலையில் ஓட்ட கியர் சைக்கிள் வேண்டும், அதற்கு ஆயிரக்கணக்கில் பணம் வேண்டும்" என்று உடனே ஒரு பதில் வரும். மவுன்டன் பைக் பிறந்த கதை தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மரின் கவுன்ட்டி என்ற இடத்து நண்பர்கள் சிலர் 1930, 40களில் செய்த கனமான பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலைமேல் கொண்டுபோய், மண் பாதையில் இறக்கி விளையாடினார்கள். 1976 அக்டோபரில் அதையே போட்டியாக்கினார்கள். போட்டியின் பெயர் 'ரீபேக்'. பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் அந்தக் கால பிரேக், ஒரே இறக்கத்தில் சூடேறி உள்ளே இருந்த கிரீஸெல்லாம் எரிந்துவிடும். கீழே வந்ததும் கிரீஸை மறுபடி அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். அடுத்த வருடம் அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜோ ப்ரீஸ் மலைக்கென்றே தனி ஃப்ரேம் செய்தார். 1996ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது பந்தயமாகவே ஆகிவிட்டது. எல்லாம் பழைய சைக்கிளில், நண்பர்கள் கூடி ஆரம்பித்ததுதான்!

ஆனால் அந்தக் கதையிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. மலையில் ஆபத்து ஏறும்போது இல்லை, இறங்கும்போதுதான்.

ஏற்றத்தில் முதலில் கவனிக்க வேண்டியது சீட்டின் உயரம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் முட்டிதான் வலிக்கும். கியர் இருந்தால் ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும்; பாதி ஏற்றத்தில் முக்கிக்கொண்டு மாற்றினால் செயின் கழலும். கியர் இல்லையா? முடிந்த வரை மிதித்து, முடியாத இடத்தில் இறங்கித் தள்ளலாம். அதில் ஒரு அவமானமும் இல்லை.

இறக்கத்தில் நிறுத்தும் பலம் அதிகம் இருப்பது முன் பிரேக்கில். ஆனால் அதை மட்டும் திடீரென்று பிடித்தால் ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். இரண்டையும் சேர்த்து, உடம்பைப் பின்னால் தள்ளி, மெதுவாகப் பிடிக்க வேண்டும். வேகத்தைக் குறைப்பது வளைவுக்கு முன்னால். வளைவுக்குள் போய் அழுத்தினால், அதுவும் ஜல்லி சிதறிக் கிடந்தால், சறுக்கல் நிச்சயம். வளையும்போது வெளிப்பக்கப் பெடல் கீழே, பார்வை போக வேண்டிய இடத்தில். பள்ளத்தையே பார்த்தால் சைக்கிள் பள்ளத்துக்குத்தான் போகும்! இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை சரியாகப் பிடிக்காது. அன்றைக்கு மலைப்பக்கம் போகாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

எடுத்த எடுப்பில் வெள்ளிமலை வரை ஏற வேண்டும் என்பதில்லை. கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணை வரை போய்வருவதே நல்ல ஆரம்பம். சமவெளிச் சாலையில் எதிர்க்காற்று அடித்தால் ஒருவர் பின் ஒருவராகப் போகலாம். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்ள, பின்னால் வருபவருக்கு உழைப்பு நன்றாகவே குறையும். முறை மாற்றிக்கொண்டால் யாரும் களைக்க மாட்டார்கள். மலையடிவாரத்தில் மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே போகும் மண் பாதைகள் போதும், பள்ளம் மேடு பழக. அனுமதி இல்லாமல் காப்புக் காட்டுக்குள் மட்டும் நுழையக் கூடாது.

நண்பர்களோடு போவதில் இருக்கும் சுகமே தனி. ஒருவன் பஞ்சர் என்றால் நாலு பேரும் நிற்பார்கள். ஒருவன் காற்றடிப்பான், ஒருவன் கிண்டலடிப்பான். மேட்டில் முதலில் ஏறியவன் கடைசியில் வருபவனுக்காகக் காத்திருப்பான். கடைசியில் வந்தவன் டீ வாங்கித் தர வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டு, கடைசியில் காசு கொடுப்பது வேறு யாராவதாக இருக்கும்!

இதையெல்லாம் யார் சொல்லித் தருவது? தமிழ்நாட்டுக்கு இது புதிய கேள்வி இல்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம், எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக் கொடுத்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். 1992 மகளிர் தினத்தன்று 1500க்கும் அதிகமான பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். அவர்களுக்கு யாரும் இலவச சைக்கிள் கொடுக்கவில்லை. கிடைத்த ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே கற்றுக்கொண்டார்கள்.

பத்து வருடத்துக்குள், 2001-02ல், ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் திட்டம் வந்தது. பிறகு அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் அன்று சைக்கிள் கொடுக்காமல் கற்றுக் கொடுத்தார்கள். இன்று கற்றுக் கொடுக்காமல் சைக்கிள் கொடுக்கிறார்கள்.

பெரிய செலவு ஒன்றும் தேவையில்லை. சைக்கிள் வழங்கும் நாளில் மேடைப் பேச்சைக் கொஞ்சம் குறைத்து, பி.இ.டி. சாரும் ஊர் சைக்கிள் மெக்கானிக்கும் சேர்ந்து அரை நாள் சொல்லித் தரட்டும். சீட் வைப்பது, பிரேக் பிடிப்பது, பஞ்சர் ஒட்டுவது, இவ்வளவுதான். மலையடிவாரப் பள்ளிகளில் முதலில் ஆரம்பிக்கலாம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டுமா என்ன? மாடிப்படிக்குக் கீழே கிடப்பதை இந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுங்கள். முதலில் பிரேக் கட்டையை மாற்றுங்கள். பிறகு நண்பர்களைக் கூப்பிடுங்கள்!