தூக்கம் கலைக்க வந்தவனா கட்டியங்காரன்?

வட தமிழகத்துத் தெருக்கூத்தைப் பற்றிய எழுத்துகளில் ஒரு கருத்து திரும்பத் திரும்ப வருகிறது. விடிய விடிய நடக்கும் ஆட்டத்தில் கண்ணயர்பவர்களைச் சிரிக்கவைத்து எழுப்புவதற்கென்று சேர்க்கப்பட்ட கோமாளியே கட்டியங்காரன் என்பதும், வாய்க்கு வந்ததைப் பேசும் அவ்வேடத்துக்குப் பயிற்சி வேண்டியதில்லை என்பதும், வடமொழி நாடகத்து விதூஷகனே தேய்ந்து அவனானான் என்பதும், பாரதக் கதையின் உருக்கத்தை அவன் குலைப்பதால் நகர மேடைக்காகக் கூத்தைச் சுருக்கும்போது அவன் பகுதியைத்தான் முதலில் வெட்ட வேண்டும் என்பதும் அக்கருத்தின் கூறுகள். கூத்துக்களத்தின் நடைமுறையோடு ஒப்பிட்டால் இவற்றுள் ஒன்றும் நிற்பதில்லை.

தூக்கம் பற்றிய வாதத்துக்குக் கூத்தின் தொடக்கமே விடை சொல்லிவிடுகிறது. கடவுள் வாழ்த்து முடிந்ததும் களத்துக்கு முதலில் வருபவன் கட்டியங்காரனே. அந்நேரத்தில் எவரும் உறங்கத் தொடங்கியிருப்பதில்லை. அன்றிரவு என்ன கதை என்று அறிவித்த பின், திரைப்பிரவேசம் எனப்படும் அறிமுகக் கட்டத்தை அவனே நடத்துகிறான். இருவர் பிடித்திருக்கும் திரைத்துணிக்குப் பின்னே நின்று துரியோதனனோ கர்ணனோ உச்சக் குரலில் பாட, பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாட, வந்திருப்பவர் யார், எந்த நாட்டுக்கு அரசர், எதற்காகச் சபைக்கு வந்தார் என்று கட்டியங்காரன் கேட்கக் கேட்கத்தான் கதைமாந்தர் தம்மை வெளிப்படுத்திக்கொள்கிறார். அக்கேள்விகள் இல்லையேல் அரசனுக்குப் பேச முகாந்திரமே இல்லை. மரத்தாலான கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் சுமந்துகொண்டு கிறுகிறுவெனச் சுழன்றாடிய நடிகர் அடுத்த பாட்டுக்கு மூச்சைத் திரட்டிக்கொள்ளும் இடைவெளியும் இந்த உரையாடலில்தான் கிடைக்கிறது. களத்துக்கு வெளியே இருப்பவர் கண்ணுக்கு இது எளிதில் படுவதில்லை.

பயிற்சி வேண்டாம் என்னும் வாதமே இவற்றுள் மிகவும் தவறானது. கட்டியங்காரனின் பேச்சு எழுதிவைக்கப்படாதது என்பது மெய். எழுதப்படாதது அனைத்தும் பயிலப்படாதது என்று அதிலிருந்து முடிவுகட்டுவதுதான் பிழை. அரசன் செந்தமிழில் அடுக்கிச் சொல்லும் விருதுகளைக் கட்டியங்காரன் பேச்சுவழக்கில் திருப்பிச் சொல்கிறான். அப்படிச் சொல்கையில் ஒரு சொல்லை வேண்டுமென்றே தப்பாகக் காதில் வாங்கி, அரசன் சினந்து திருத்தும்வரை அதையே பிடித்துக்கொள்கிறான். எந்தச் சொல்லைப் பிறழக் கேட்க வேண்டும் என்பதை நொடிக்குள் தெரிவுசெய்ய, அரசனுடைய வசனம் முழுவதும் அவனுக்கு மனப்பாடமாக இருந்தாக வேண்டும். அரசனின் அடவைக் கேலியாக ஆடிக் காட்டும்போது கால் தாளம் தப்புவதுபோல் தோன்றி, முடிவில் மிருதங்கத்தின் அடியோடு சரியாக வந்து சேர வேண்டும். தாளம் தெரியாதவன் அப்படித் தப்பினால் அது வெறும் தப்பாகவே நின்றுவிடும். மேலும், வாயிற்காவலன், தூதன், தேரோட்டி, பணிப்பெண் ஆகிய சிறு வேடங்களையெல்லாம் பெரும்பாலும் அவனே ஏற்பதால், தோளில் கிடக்கும் துண்டை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு, நடையையும் குரலையும் மாற்றி, பார்வையாளர் கண்ணெதிரே ஆள் மாற வேண்டியிருக்கிறது. அன்பளிப்பு தந்த ஊர்க்காரரின் பெயரை நடுவே அறிவித்துவிட்டு, அறுந்த இடத்திலிருந்தே கதையைத் தொடர்வதும் பல இடங்களில் அவன் பொறுப்பு.

விதூஷகன் வழிவந்தவன் என்னும் வாதத்தைச் சுருக்கமாகவே தீர்த்துவிடலாம். விதூஷகன் அரசனின் தோழனான பிராமணன், சாப்பாட்டுப் பிரியன், நாடகம் முழுவதும் ஒரே பாத்திரம். கட்டியங்காரனோ எவருக்கும் தோழனல்லன். எல்லாருக்கும் ஏவலாள், பல பாத்திரம் ஏற்பவன். கேரளத்துக் கூடியாட்டத்தில் விதூஷகன் நாயகனின் சமஸ்கிருதச் செய்யுளை மலையாளத்தில் விளக்கியும் கேலிச் செய்யுளால் எதிரொலித்தும் நடிப்பது கட்டியங்காரனை நினைவூட்டக்கூடும். உயர்மொழி பேசும் அரங்கும் அதைப் பேசாத பார்வையாளரும் எதிரெதிரே இருக்கும் இடங்களில் இத்தகைய இடையாள் தனித்தனியே தோன்றுவதற்கு வாய்ப்புண்டு. வேலை ஒத்திருப்பது வம்சாவளிக்குச் சான்றாகாது. இலங்கைத் தமிழரின் நாட்டுக்கூத்திலும் அரசன் வரவைக் கூறக் கட்டியகாரன் வருகிறான் என்பதை இவ்வாதம் செய்வோர் கணக்கில் கொள்வதில்லை.

உருக்கத்தைக் குலைக்கிறான் என்னும் குற்றச்சாட்டைத் துகிலுரிதல் காட்சியைக் கொண்டு சோதிக்கலாம். திரௌபதி அம்மன் திருவிழாவில் அக்காட்சி வெறும் நாடகமாக மட்டும் பார்க்கப்படுவதில்லை. திரௌபதி அங்கே தெய்வம், துச்சாதனனாக ஆடுபவர் ஆவேசம் மீறிப்போகும் ஆபத்தும் உண்டு. அவ்வேளையில் கட்டியங்காரன் இடையிட்டுப் பேசும் பேச்சு, துச்சாதனனின் வீறாப்பைக் கேலிக்குள்ளாக்கி, சபையில் வாய்மூடி அமர்ந்திருக்கும் பெரியவர்கள் கேட்காத கேள்வியை ஏவலாளின் வாயால் கேட்கவும் செய்கிறது. சிரிப்பு யார் மீது விழுகிறது என்று கவனிப்பவர்களுக்கு, அது திரௌபதியைத் தொடாமல் அவளைத் துன்புறுத்துவோர் மீதே விழுவது விளங்கும். கொச்சையில் இறங்கிவிடும் கட்டியங்காரர்களும் இருக்கிறார்கள். அது அந்தந்த நடிகரின் குறையே தவிர வேடத்தின் இயல்பன்று.

இரண்டு மணிநேரத்துக்குச் சுருக்கிய மேடையில் அவனை நீக்கினால், கதைச் சுருக்கத்தை ஒலிபெருக்கியில் படிக்க வேறொருவரை நிறுத்த நேரும். திரைக்குப் பின்னே நிற்கும் அரசனை யாரென்று கேட்க அப்போதும் ஆளிருக்காது.