தார் ரோட்டுக்கு எதுக்குலே தார்?

போன வாரம் நம்ம சக பதிவர் ஒருத்தர் போன் பண்ணினார். பேரு வேண்டாம், மனுசன் ஏற்கனவே என் மேல கடுப்புல இருக்கார்.

"அண்ணாச்சி, பழைய ஃபோர் வீல் வண்டி ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். அஞ்சு நாள் ஆபீசு, ரெண்டு நாள் காட்டுல டெண்ட்டு. எப்படி நம்ம ஐடியா?"

"எந்தக் காட்டுல?"ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அது வந்து... மாஞ்சோலை, காரையாறு அந்தப் பக்கம்..."ன்னு இழுத்தார்.

அந்த இழுவைதான் இந்தப் பதிவு. திருநெல்வேலியில பழைய ஃபோர் வீல் தேடி அலையுற பத்துப் பேர்ல ஒம்பது பேருக்கு இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. எனக்கும் இல்லாமத்தான் இருந்துச்சு. அதனால முதல்ல என் வண்டவாளத்தை நானே தண்டவாளத்துல ஏத்திடுறேன்.

2019-ல நான் ஒண்ணு வாங்கினேன். கம்பெனி பேரு எதுக்கு, வண்டி மேல குத்தமே இல்ல. குத்தம் பூராவும் என் மேல. உசரமா, துணிக்கூரை போட்டு, முரட்டு டயரோட நின்னுது. பாத்ததும் மனசு விழுந்துருச்சு. ஆபீஸ்ல எறங்கும்போது வாட்ச்மேன் ஒரு மாதிரி பாத்தார் பாருங்க, அதுக்கே பாதிக் காசு செரிச்சிருச்சு :-)

அடுத்த வருசம் ஒரு ராத்திரி பதினொன்னரை மணிக்கு அம்மாவுக்கு மூச்சு வாங்கிருச்சு. வண்டியை வாசல்ல கொண்டாந்து நிறுத்துறேன். அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போனது. படியில காலைத் தூக்கி வைக்க முடியல. நான் ஒரு பக்கம், என் வீட்டம்மா ஒரு பக்கம் தூக்குறோம், ஏத்த முடியல. கடைசியில எதிர்வீட்டு ஆட்டோக்காரர் வெளிச்சத்தைப் பாத்துட்டு லுங்கியோட ஓடி வந்து ஆட்டோவை எடுத்தார். அஞ்சு நிமிசத்துல ஆஸ்பத்திரி. நான் அந்த மலையேறி வண்டியில காலியா பின்னாடியே போனேன்.

அம்மா பிழைச்சு வந்தாச்சு. வந்ததும் சொன்ன வார்த்தை: "எய்யா, ஒன் வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் கால் எட்டல."

திட்டியிருந்தாக் கூட மறந்திருப்பேன் மக்கா.

சரி, மேட்டருக்கு வருவோம். "தெனமும் ஓட்டவும் ஆச்சு, கேம்பிங் போகவும் ஆச்சு"ங்கிறாங்களே, அதை ரெண்டாப் பிரிச்சுப் பாப்போம்.

முதல்ல தெனமும் ஓட்டுறது

நம்ம ரோடு எது? பாளையங்கோட்டையில இருந்து ஜங்சன், டவுன் ரதவீதி, மிஞ்சிப் போனா சேரன்மகாதேவி, அம்பை, தென்காசி. எல்லாம் தார் ரோடு. இதுல ஃபோர் வீல் கியரைப் போடவே கூடாதுங்கிறது எத்தனை பேருக்குத் தெரியும்?

நம்ம ஊர்ல கிடைக்கிற தார், ஜிம்னி, ஜிப்சி எல்லாமே 'பார்ட் டைம்' ஃபோர் வீல்தான். அந்தக் கியரைப் போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்துல சுத்துற மாதிரி பூட்டிக்கும். வளைவுல திரும்பும்போது முன் சக்கரம் பின் சக்கரத்தை விடக் கூட தூரம் ஓடணும். சகதியில, மணல்ல சக்கரம் லேசா வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கும். காஞ்ச தார்ல வழுக்காது. அந்த முறுக்கு பூரா பல்சக்கரத்து மேலயும் ஜாயிண்டு மேலயும்தான் போய் விழும். நான் வீரமா வண்ணார்பேட்டை ரவுண்டானாவுல ஃபோர் வீல் போட்டுச் சுத்திக் காட்டினதுக்கு மெக்கானிக் அண்ணாச்சி போட்ட பில்லை இன்னும் வச்சிருக்கேன். "அண்ணாச்சி, இது சகதிக்கு உள்ளது, சவுடாலுக்கு உள்ளது இல்ல"ன்னு சொல்லிட்டு காசை எண்ணினார்.

இன்னொரு கூத்து கேளுங்க. 2020-ல வந்த புதுத் தார்ல, 2023 ஜனவரியில இருந்து பின் சக்கரம் மட்டும் இழுக்குற மாடலும் வருது. வெளிய இருந்து பாத்தா ஒண்ணு போலத்தான் இருக்கும். கியர் லிவர் பக்கத்துல இன்னொரு லிவர் இருக்கான்னு குனிஞ்சு பாக்காம, "ஃபோர் வீல் வாங்கிட்டேன்"னு லட்டு குடுத்தவரை எனக்குத் தெரியும். லட்டு நல்லா இருந்துச்சு.

ஜிப்சி பத்திக் கேக்கவே வேண்டாம். 1985-ல வந்த வண்டி, பொதுமக்களுக்கு விக்கிறது 2019-ஓட நின்னு போச்சு. எடை கம்மி, எங்கயும் ஏறும், உண்மைதான். ஆனா நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங். அதுல தெனமும் ஆபீஸ் போய் வந்தா முதுகெலும்பு ஒண்ணொண்ணா அட்டெண்டன்ஸ் சொல்லும். ஜிம்னி 2023-ல வந்தது, எல்லா மாடலும் ஃபோர் வீல், அஞ்சு கதவு, ஏறி எறங்கலாம். ஆனா சீட்டு நாலுதான். அம்மா, அப்பா, ரெண்டு பிள்ளைன்னா யாரை வீட்டுல விட்டுட்டுப் போவிய?

ரெண்டாவது கேம்பிங்

இங்கதான் எனக்குக் கோவமே வருது.

தாமிரபரணி பொறக்குற பொதிகை மலை பூராவும் என்ன இடம்? களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல ஆரம்பிச்சது, தமிழ்நாட்டுலயே முதல் புலிகள் காப்பகம். காணி மக்கள் இருக்காங்க, யானை இருக்கு, சிங்கவால் குரங்கு இருக்கு. உங்களுக்கும் எனக்கும் நினைச்ச எடத்துல டெண்ட் அடிக்க அங்க உரிமை கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாம உள்ள போறதே குத்தம். எத்தனை லட்சத்துக்கு வண்டி வாங்கினாலும் செக்போஸ்ட்டுக் கம்பு தானா மேல போகாது ஓய்.

"கெடுபிடி ரொம்ப ஓவர்"ம்பாங்க. 2018 மார்ச்சுல குரங்கணியில காட்டுத்தீயில 20 பேருக்கு மேல கருகிப் போனதை அதுக்குள்ள மறந்தாச்சா? அதுக்கப்புறம்தான் மலையேத்தத்துக்குக் கட்டுப்பாடு இறுகுச்சு. 2024 அக்டோபர்ல அரசே 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதை திறந்தது. அதுவும் வழிகாட்டியோட, நடந்து. கவனிங்க, நடந்து. செருப்பு கூட ஃபோர் வீல் கிடையாது.

மாஞ்சோலைக்கு வருவோம். அந்த ரோட்டைப் பத்தி நம்ம ஆளுங்க பேசுறதைக் கேட்டா இமயமலை தோத்துரும். கரடுமுரடுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அதே ரோட்டுல காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரவெட்டின்னு பல பத்து வருசமா ஏறினது எது? நம்ம கவர்மெண்ட்டு பஸ்சு! ஃபோர் வீல் கிடையாது, முரட்டு டயர் கிடையாது, மேல லைட்டு கம்பி கிடையாது. டிரைவர் அண்ணாச்சி பீடி வாயோட ஒரு கையில ஓட்டிட்டுப் போவார். உள்ள அம்பது பேரு, அரிசி மூடை, கோழி.

அந்தப் பஸ்சுல வந்த சனங்களுக்கு என்ன ஆச்சு? 1929-ல போட்ட 99 வருசக் குத்தகை 2028-ல முடியுதுன்னு, 2024-லயே தேயிலைத் தோட்ட வேலை நின்னு போச்சு. தலைமுறை தலைமுறையா அங்கயே பொறந்து வளந்தவங்க 'எங்க போக'ன்னு கோர்ட்டுப் படி ஏறினாங்க. அவங்க எறங்கி வாற நேரத்துல நாம ரீல்ஸ் எடுக்க ஏறப் போறோம். கொஞ்சம் கூச வேண்டாமா?

"காடு வேண்டாம், ஆத்தங்கரை?" ஆத்துக்குள்ள வண்டியை எறக்கி தண்ணி தெறிக்க வீடியோ போடுற புண்ணியவான்களா, அது நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கிற தண்ணி. உங்க டிஃப்ரன்ஷியல்ல ஒழுகுற ஆயில் கீழ ஒருத்தன் குடத்துக்குத்தான் போவுது. அது போக, மேல பாவநாசம், மணிமுத்தாறு அணையில தண்ணி திறந்தா டெண்ட்டுக்குள்ள தந்தி வராது.

"சரி, தேரிக்காடு?" செம்மணல் பாக்க ஜோருதான். ஆனா குதிரைமொழித் தேரியும் காப்புக்காடுதான் மக்கா.

நம்ம சனத்துக்கு கேம்பிங் தெரியாதுன்னு நினைக்காதிய. ஆடி அமாவாசைக்கு காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில்ல குடில் போட்டு, ஆடு கோழியோட, சட்டி பானையோட நாள் கணக்கா தங்கினவங்க நம்ம தாத்தா பாட்டி. எந்த ஓவர்லேண்டரும் அவங்க பக்கத்துல நிக்க முடியாது. சமீப வருசங்கள்ல அதுக்கும் தனியார் வண்டியைக் கீழ அகஸ்தியர்பட்டியிலயே நிறுத்திட்டு அரசு பஸ்சுலதான் போகணும். ஆக, நம்ம ஊரு ஆகப் பெரிய கேம்பிங்குக்கு உங்க ஃபோர் வீல் வரவே வராது!

"வெள்ளம் வந்தா ஒதவும்லா?"

2023 டிசம்பர் 17, 18-ல நான் இங்கதான் இருந்தேன். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை. தார் 650 மில்லிமீட்டர் தண்ணியில போகும்னு கம்பெனி சொல்லுது. அது நிக்கிற தண்ணிக்கு. ஓடுற தண்ணி ரெண்டடி இருந்தாலே பெரிய எஸ்.யூ.வி.யையும் தூக்கிட்டுப் போயிரும். நாலு சக்கரமும் இழுக்கணும்னா முதல்ல நாலு சக்கரமும் தரையில இருக்கணும்லா? அன்னைக்குச் சனத்தைக் காப்பாத்தினது கடற்கரையில இருந்து வந்த மீனவர் படகும், டிராக்டரும், லாரியும்தான்.

அப்படியும் வாங்குவேன்னு நிக்கிறவங்களுக்கு

திட்டிட்டு மட்டும் போனா நல்லா இருக்காது. நான் பட்டதுல இருந்து நாலு வார்த்தை:

1. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. வண்டல் கோடு தெரிஞ்சா வெள்ளத்துல நின்ன வண்டி. சீட்டுக்கு அடியில இருக்கிற ரயிலு துருவும் அதைத்தான் சொல்லும். ஷாம்பூ போட்டு மேட்டைக் கழுவலாம், இதைக் கழுவ முடியாது. இன்சூரன்ஸ் க்ளெய்ம் வரலாறையும் கேளுங்க.

2. வண்டியைத் தூக்கி சேஸைப் பாருங்க. உவரி, மணப்பாடுன்னு கடலோரம் கிடந்த வண்டின்னா உப்பு தின்னிருக்கும். புதுசா கறுப்புப் பெயிண்ட் அடிச்சிருந்தா இன்னும் சந்தேகப்படுங்க.

3. மண் தரையில ஃபோர் வீல் கியரை நீங்களே போட்டு எடுத்துப் பாருங்க. "வேலை செய்யும் சார்"ங்கிற புரோக்கர் வாக்கை நம்பாதிய. பல வருசம் தொடாத கியர் எறுகிப் போயிருக்கும்.

4. பம்பர், டயர், லைட்டுன்னு மாத்தி வச்ச வண்டிக்குக் கூடக் காசு குடுக்காதிய. ஆர்.சி.யில உள்ள அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. எஃப்.சி.க்குப் போகும்போது எல்லாத்தையும் கழட்டணும்.

5. டெல்லி வண்டி சல்லிசாக் கிடைக்கும். என்.ஓ.சி., இங்க கட்டுற ரோடு டாக்ஸ், மீதி ஆயுசு எல்லாத்தையும் கூட்டிட்டுச் சொல்லுங்க சல்லிசான்னு. 15 வருசம் தாண்டின காரோட ஆர்.சி.யைப் புதுப்பிக்க 600 ரூபாயா இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரல்ல 5,000 ஆக்கினாங்க.

6. கடைசியா, முக்கியமா: வாங்குறதுக்கு முன்னாடி வீட்டுல உள்ள வயசானவங்களை ஏறி உக்காரச் சொல்லுங்க. அவங்க ஏறலைன்னா அது உங்க வீட்டு வண்டி இல்ல.

என்னைக் கேட்டா? நல்ல நிலையில இருக்கிற ஒரு பழைய பொலிரோ போதும். 2000-ல இருந்து வாற வண்டி, 180 மில்லிமீட்டர் உசரம், அம்பையில நின்னாலும் ஆலங்குளத்துல நின்னாலும் கை வைக்க ஆள் உண்டு. மிச்சக் காசுக்கு நாலு நல்ல டயர், ஒரு டெண்ட்டு. நம்ம ஊர்ல நேர்மையா போகக் கூடிய எடம் எல்லாத்துக்கும் அது போகும்.

"அப்போ ஆசைக்கு வாங்கக் கூடாதா வே?" தாராளமா வாங்குங்க. உங்க காசு, உங்க ஆசை. ஆனா ஆசைன்னு சொல்லி வாங்குங்க. 'தேவை'ன்னு பேரு வைக்காதிய. தேவைன்னு சொல்லித்தான் நான் வீட்டுல வாயடைச்சேன், கடைசியில அம்மாவை ஆட்டோவுல அனுப்பினேன்.

2021-லயே நட்டத்துக்கு வித்தாச்சு. இப்ப இருக்கிறது கதவைத் திறந்தா அம்மா நேரா உக்காருற மாதிரி ஒரு சாதா கார். போன பொங்கல் லீவுக்கு கல்லிடைக்குறிச்சி பக்கம் மாமா தோப்புல டெண்ட் போட்டோம். கார் தார் ரோட்டோரமே நின்னுது. அம்மா கட்டில்ல உக்காந்து பிள்ளைகளுக்குக் கதை சொன்னாங்க. எங்க கேம்பிங் அம்புட்டுத்தான்.

டிஸ்கி: போன் பண்ணின நண்பர் இன்னும் அட்வான்ஸ் குடுக்கலையாம். அவங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போய் வண்டி பாக்கப் போறாராம். திட்ட நினைக்கிறவங்க பின்னூட்டத்துல வரிசையா வாங்க, ஆனா 'எந்தக் காட்டுல'ங்கிற கேள்விக்குப் பதிலோட வாங்க :-)